கவிழ்த்து வைத்த டம்ளர்

மார்ச் 3

அண்ணா,

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்துத் தாளைக் கிழித்தேன். இரண்டாவது தாளிலும் கை அதையே எழுதியது, அதையும் கிழித்தேன். ஆகவே வெறும் அண்ணா.

அப்பாவின் இடது கண் போய்விட்டது. இதை வக்கீல் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததைச் சொல்கிறேன். கன்னத்து எலும்பு மூன்று துண்டு. மேல்வரிசையில் நான்கு பல் இல்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், குழாய் வழியாகத்தான் குடிக்கிறார். கண் இருந்த குழியைத் தினம் இரண்டு வேளை நான்தான் துடைத்துக் கட்டுகிறேன். பஞ்சு மஞ்சளாக வெளியே வருகிறது. அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தால், வரிகளுக்கு நடுவே அந்தக் குழி தெரிகிறது.

காரணம் என்ன என்று போலீஸ்காரர் கேட்டார். ‘ஒரு காரணமும் இல்லை’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

நான் உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு எழுபது முடிகிறதென்று, மூன்று வருஷமாக அவரோடு ஒரே மேசையில் உட்காராத உன்னை நான்தான் கெஞ்சி அழைத்து வந்தேன். சனிக்கிழமை மத்தியானம், நம் ஜன்னலோர மேசை. அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. உன் மகள் அணில் மட்டும் உன்னோடு வந்தாள். சூப்பு வந்தது. குழந்தை கை தட்டிக் கொஞ்சம் கொட்டிவிட்டது. ஆறு வயது, கொட்டத்தான் செய்யும். நீ அவளுடைய டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தாய். நம் பழைய விளையாட்டு. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை நாள் கழித்து அப்படிச் சிரித்தார் தெரியுமா? “இப்பதான்டா நீ என் பிள்ளை,” என்றார்.

நீ தண்ணீர் ஜக்கை எடுத்து அவர் முகத்தில் அடித்தாய்.

ஜக்கின் கண்ணாடி முதல் அடியிலேயே உடைந்தது. கையில் மிஞ்சிய பிடியை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை. நான் எண்ணினேன். முதல் அடி ஆத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது? அப்போது அவர் நாற்காலியில்கூட இல்லை. தரையில் கிடந்தார், சூப்பிலும் ரத்தத்திலும். நீ குனிந்து அடித்தாய்.

அணில் அழவில்லை. நாற்காலி மேல் காலை மடக்கி வைத்து, இரண்டு உள்ளங்காலையும் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் துண்டுக்குப் பயந்தாள் போலும்.

எனக்கு எதில் ஆத்திரம் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவை அடித்ததில் மட்டும் இல்லை. அந்த இடத்தில் அடித்தாயே, அதில். சின்ன வயதில் எனக்கு ஒரே ஒரு நல்ல இடம்தான் இருந்தது, அந்தச் சாப்பாட்டுக் கடை. கறுப்பு நாடா ஒட்டிய சிவப்பு ரெக்ஸின் பெஞ்சு. ஒரு கால் குட்டையாகி, அட்டை மடித்துச் செருகிய மேசை. மிளகு தூக்கலான சூப்பு, ஓரம் கருகிய ரொட்டி, வறுத்த மீன். மேசைக்கு அந்தப் பக்கம் வராமலேயே எல்லாத் தட்டையும் எட்டி வைக்கும் சர்வர் நீளக்கை. வீட்டில் உறுமும் அப்பா அங்கே உட்கார்ந்ததும் வேறு ஆள் ஆகிவிடுவார். ரொட்டியைப் பிய்த்து நம் தட்டில் வைப்பார். குரல் ஏறவே ஏறாது. யாராவது சத்தமாகச் சிரித்தாலோ, கொட்டினாலோ, புன்னகையோடு ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான் தண்டனை! நானும் எட்டி எட்டி உன் டம்ளரைக் கவிழ்ப்பேன். நீயும் சிரிப்பாய்.

எந்தப் புத்தகத்தில் சந்தோஷமான வீடு வந்தாலும் என் மனதில் அந்த மேசைதான் வரும். இப்போது அதிலும் ரத்தம்.

ஏன் அடித்தாய்? ஏப்ரல் 12 விசாரணை. ஆரம்பத்திலிருந்து பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

உன் தங்கை

•

மார்ச் 10

சுண்டெலி,

உன் கடிதத்தை இங்கே ஒருவர் பிரித்துப் படித்து முத்திரை குத்தித்தான் கொடுத்தார். இதையும் படிப்பார். படிக்கட்டும்.

நான் மரம் அறுக்கிறவன். உன்னைப் போல எழுத வராது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அது விளையாட்டு இல்லை. ஒரு டம்ளருக்கு ஐந்து.

சாப்பிட்டு முடித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா உன்னை மத்தியானத் தூக்கத்துக்கு உள்ளே கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போடுவாள். கதை சொல்லுவாள். அவள் ஏன் கதையை அவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று நீ யோசித்ததே இல்லையா? அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவார். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த இரும்பு அளவுகோல், ஒரு மீட்டர் நீளம். நான் குப்புறப் படுத்துக் காலை மடக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளங்காலில்தான் அடி. வேறெங்கே விழுந்தாலும் வெளியில் தெரியுமே. நான் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து.

சனிக்கிழமை ஏன் என்றால், ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது. திங்கள் நடந்துவிடலாம். மாலையில் உன்னோடு விளையாட வரமாட்டேன். நீ கதவுக்கு வெளியே நின்று “சனிக்கிழமைச் சோம்பேறி, சனிக்கிழமைச் சோம்பேறி” என்று பாடுவாய். நல்ல ராகம் போட்டிருந்தாய்.

ஒரு நாள் ஏழு டம்ளர். முப்பத்தைந்து. இருபதுக்கு மேல் தோல் கிழிந்து அளவுகோல் வழுக்கியது. அவர் அதைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து மிச்சத்தை அடித்தார். கால் சுண்டுவிரல் உடைந்தது அன்றைக்குத்தான். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று பள்ளியில் சொன்னேன். வாத்து நடை என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அது அந்த விரல்.

நீ கவிழ்த்ததும் கணக்கில் உண்டு. “பாப்பாவே சொல்லிட்டா” என்று கை தட்டுவார். நான் சிரித்தேன் என்கிறாய். சிரிக்காவிட்டால் இன்னொரு டம்ளர்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உனக்கு நாலு வயது. பதினேழில் நான் வீட்டை விட்டுப் போகும்வரை சொல்லவில்லை, போன பிறகும் சொல்லவில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயம். அணிலின் டம்ளரைக் கவிழ்த்தது நான் இல்லை. அப்பா. நீ தப்பாகப் பார்த்திருக்கிறாய். களேபரத்தில் யாருக்கு எது ஞாபகம் இருக்கும்? அப்பாதான் கவிழ்த்தார், என் மகளுக்கும் அதையே ஆரம்பிக்கப் பார்த்தார், அதனால் அடித்தேன். இதை நீ சொன்னால் ஒன்றரை வருஷத்தில் வெளியே வந்துவிடலாம், சொல்லாவிட்டால் ஐந்தோ ஆறோ என்கிறார் வக்கீல். அணிலுக்கு அப்போது பதினொன்று ஆகிவிடும். என்னைப் பார்த்து யார் நீ என்பாள்.

நேற்று சாப்பாட்டு வரிசையில் ஒருவன் முன்னால் நின்றவனின் காதைக் கடித்துத் துப்பினான். ரொட்டி கொஞ்சம் பெரிசாக இருந்ததாம். எல்லாரும் காதைத் தாண்டிக்கொண்டு போய்த் தட்டை நீட்டினோம். நானும்தான்.

சொல்லிவிடு, சுண்டெலி.

அண்ணன்

•

மார்ச் 17

அண்ணா,

உன் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் மூடிவிட்டேன்.

அம்மா போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அவள் சொன்ன கதைகள் எனக்கு இன்னும் வரிவரியாகத் தெரியும். கரடி உறுமுகிற இடத்தில் அவள் ஏன் கத்தினாள் என்று இப்போது தெரிகிறது. புத்தகத்தின்மேல் எனக்கு வந்த ஆசையே அந்த அறையில்தான் பிறந்தது. அதற்கு மேல் இதை எழுத முடியவில்லை.

அப்பாவுக்குக் கம்பியைப் பிரித்தாகிவிட்டது. மெதுவாகப் பேசுகிறார். கட்டுப் போடும்போது கேட்டேன்.

“அப்பா, ஒரு டம்ளருக்கு எத்தனை?”

திடுக்கிடுவார் என்று நினைத்தேன். இல்லை.

“அஞ்சு.”

“எதுக்குப்பா?”

“கடையில வெச்சு அடிச்சா நாலு பேர் பாப்பாங்க. அவனுக்குத்தான் அவமானம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.”

“உள்ளங்கால் கிழியிற வரைக்குமா?”

“முப்பத்தெட்டு வருஷம் எடைக்கல்லுக்கு முத்திரை வெச்சவன் நான். ஒண்ணு கூட்டினதில்லை, ஒண்ணு குறைச்சதில்லை. வேணும்னா அவனையே கேளு.”

“என்னை ஏன் அடிக்கல?”

அவர் இருக்கிற கண்ணால் என்னைப் பார்த்தார். நிஜமாகவே பிரியத்தோடு பார்த்தார் அண்ணா, அதுதான் பயங்கரம். “நீ என் பக்கம்தானேம்மா இருந்தே. நீதான் எனக்காக அவன் டம்ளரைக் கவிழ்த்து வெப்பியே.”

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனேன். நம் மேசைக்கடியில் தரையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. நீளக்கை வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் அதே நீளம்.

“வாம்மா சுண்டெலி. சூப்பா?”

“சூப்பு வேண்டாம். டம்ளரைப் பத்திக் கேக்கணும்.”

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“உங்க அண்ணன் போறப்ப எல்லாம் டம்ளரை எண்ணிட்டுத்தாம்மா போவான். சாப்பிட வர்ற பிள்ளை டம்ளரை எதுக்கு எண்ணணும்? அதுலதான் எனக்குப் பொறி தட்டிச்சு. கேக்க தைரியம் இல்ல. உங்கப்பா ஆபீசர், எங்க முதலாளி தராசுக்கு முத்திரை அவர் கையில. என்னால முடிஞ்சது ஒண்ணுதான். தண்ணி ஊத்துற சாக்குல போய் நிமிர்த்தி வெச்சுடுவேன். ஒரு நாள் பதினோரு தடவை நிமிர்த்தினேன். சரியான மடையன்னு நெனச்சிருப்பாரு. நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு, பிள்ளைக்குக் கொஞ்சமாச்சும் குறையுமேன்னு.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல காரியத்தை யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டவரின் பெருமை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இனி உன் விஷயம்.

நான் தப்பாகப் பார்க்கவில்லை. ஒரு எழுத்து தலைகீழாக இருந்தால்கூடக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அணிலின் டம்ளரைக் கவிழ்த்த கையில் ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. ரம்பம் தின்ற விரல். அப்பாவுக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கிறது.

இன்னொன்று. அணில் உள்ளங்காலைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடித் துண்டு தரையில் கிடந்தது, அவள் நாற்காலி மேல் இருந்தாள். அவள் எதற்குப் பயந்தாள் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எத்தனை டம்ளர், அண்ணா? அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் உன் வீட்டில் எத்தனை? அதைச் சொல். பிறகு நான் கோர்ட்டில் என்ன சொல்வது என்று பேசுவோம்.

தங்கை

•

மார்ச் 26

சுண்டெலி,

மூன்று.

எழுதிவிட்டேன். இரண்டு நாள் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருப்பவன் “என்ன, காதல் கடிதமா?” என்றான். அவன் மூக்கை உடைத்துவிட்டேன். அதற்காக என்னையும் நன்றாகக் கவனித்தார்கள். விலா வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு வருஷத்துக்குள் மூன்று. உன் அண்ணி டூட்டியில் இருந்த நாட்களில். அவளுக்குத் தெரியாது. முதல் தடவை, அணில் சாப்பாட்டு மேசையில் வம்பு பண்ணினாள். என் கை போய் டம்ளரைக் கவிழ்த்தது. நான் நினைத்துச் செய்யவில்லை என்று சொன்னால் நீ நம்ப வேண்டாம், ஏனென்றால் பட்டறையிலிருந்து கொண்டுவந்த மரச்சட்டத்தைத் தேடி எடுத்தது நினைத்துத்தான். ஐந்து இல்லை, இரண்டுதான் அடித்தேன். ‘தான்’ என்று எழுதியிருக்கிறேன் பார். அந்தச் சொல்லை அடிக்காமல் விட்டு வைக்கிறேன். அப்பாவும் இப்படித்தானே பேசுகிறார், ஒன்று கூட்டினதில்லை என்று.

இரண்டாவது தடவை அவளே காலை மடக்கிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை நான் எண்ணு என்று சொல்லவே இல்லை, அவளாக எண்ணினாள்.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டாய். அவள் சூப்பைக் கொட்டினாள். டம்ளர் கவிழ்ந்தது. கையைப் பார்த்தேன். என் கை. தலையை நிமிர்த்தினேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் வீசிய அளவுகோல் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது என்று. “இப்பதான்டா நீ என் பிள்ளை.”

அந்தச் சிரிப்பைத்தான் உடைத்தேன். முதல் அடி அதற்கு. இரண்டாவதும் அதற்குத்தான். மூன்றாவது அவருக்கு இல்லை. அந்த முகம் எனக்கு என் முகமாகத் தெரிந்தது. அவர் மேல் குனிந்து என்னை அடித்தேன். கண் அவருடையது போனது. இதைக் கோர்ட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

நீளக்கையைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்துத்தான் முதல் தடவையாக இங்கே அழுதேன். அவர் நிமிர்த்தி வைத்த ஒவ்வொரு டம்ளரையும் அப்பா புன்னகையோடு திரும்பக் கவிழ்ப்பார், சுண்டெலி. எத்தனை டம்ளர் கவிழ்ந்து கிடக்கிறது என்பது கணக்கு இல்லை, எத்தனை தடவை கவிழ்த்தார் என்பதுதான் கணக்கு. நீளக்கை வந்து நிமிர்த்தினால் அது இரண்டாகும். ஜக்கோடு அவர் வருவதைப் பார்த்தாலே மேசைக்கடியில் காலை மடக்கிக்கொள்வேன். வராதே, வராதே என்று மனதுக்குள் கத்துவேன். கடையிலேயே என்மேல் பாசமாக இருந்த மனுஷர் அவர்தான்.

அவரிடம் சொல்லிவிடாதே. செத்தாலும் சொல்லாதே.

வக்கீல் சொன்னது அப்படியே இருக்கிறது. அப்பா கவிழ்த்தார் என்று நீ சொன்னால் ஒன்றரை வருஷம். முடிவு உன்னிடம். கெஞ்சுகிறேனா என்று கேட்டால், ஆமாம். அவளைப் பார்க்காமல் ஐந்து வருஷம் என்னால் முடியாது.

அண்ணன்

•

ஏப்ரல் 11

அண்ணா,

நாளைக்குக் கோர்ட், அதனால் இதைத் தபாலில் போடாமல் சிறை வாசலிலேயே கொடுக்கிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியவை மூன்று உண்டு.

ஒன்று. அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் கேட்டு அவள் தெரிந்துகொள்வது நியாயம் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டு கேட்டாள். அலமாரியிலிருந்து கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் ஓங்கிப் போட்டு உடைத்தாள். பதினொன்று. கடைசி டம்ளர் கையிலேயே உடைந்துவிட்டது. துணி சுற்றப் போனேன், தள்ளிவிட்டாள். “உங்க வீட்டு ஆளுங்க யாரும் என் குழந்தையத் தொடக்கூடாது. நீயும்தான். நீ மட்டும் என்ன, எண்ணிக்கிட்டுத்தானே இருந்தே?” என்றாள்.

இரண்டு. போன செவ்வாய் அப்பாவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: “அவன் வந்ததும் அந்தக் கடைக்கே போய்ச் சாப்பிடுவோம். குழந்தையையும் கூட்டிட்டு.” என் கையில் பஞ்சு சுற்றிய இடுக்கி இருந்தது. நான் அதை அழுத்தினேன். துடைக்கிற அழுத்தம் இல்லை, அண்ணா. இடுக்கி முனை எலும்பில் போய் முட்டுவது விரலுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அழுத்தினேன். கட்டிலின் விளிம்பை அவர் கை பிடித்துக்கொண்டது. கத்துவார் என்று பார்த்தேன்.

“ஒண்ணு,” என்றார்.

அவ்வளவுதான். வலியிலும் எண்ணினார். அவரும் எங்கேயோ, யார் காலடியிலோ படுத்துக்கொண்டு எண்ணப் பழகியவர் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் இரக்கம் வந்துவிடும்; நாளை வரை எனக்கு இரக்கம் வேண்டாம். நான் இடுக்கியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து கட்டுப் போட ஒரு நர்ஸ் வருகிறாள். நான் அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டேன்.

அவர் கை, உன் கை, என் கை. மூன்றும் ஒரே கைதான், விரல் நுனி மட்டும்தான் வித்தியாசம்.

மூன்றாவது, நாளைக்கு நான் சொல்லப்போவது. அப்பா கவிழ்த்தார் என்று சொல்லமாட்டேன். டம்ளரைப் பற்றி, அளவுகோலைப் பற்றி, சுண்டுவிரலைப் பற்றி எல்லாம் சொல்வேன். நான் கவிழ்த்ததையும் சொல்வேன். நீளக்கையின் கணக்கை மட்டும் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த டம்ளரைக் கவிழ்த்தது யார் என்று கேட்டால், உன் பெயரைச் சொல்வேன். அணிலுக்கு விழுந்ததை யாரும் கேட்கப்போவதில்லை, கோர்ட்டில் யாருக்கும் தெரியாதே. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்கு அடி விழுந்த சத்தத்தின் மேல் அம்மா கதை சொன்னாள். அணிலின் சத்தத்தின் மேல் நான் கதை சொல்லமாட்டேன்.

என்னை வெறுத்துக்கொள். உரிமை உண்டு.

சுண்டெலி

•

ஏப்ரல் 30

சுண்டெலி,

ஐந்து வருஷம். கேட்டாய்தானே.

நீ கூண்டில் ஏறியபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாய். “இன்னொன்று சொல்ல வேண்டும்” என்று நீ ஆரம்பித்ததும் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், “உங்க தங்கச்சி உங்க கழுத்தை அறுத்துட்டாங்க சார்,” என்றார். அவரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். காவலர்கள் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மிதி வாங்கிக்கொண்டே சிரித்தேன் என்று சொல்கிறார்கள்.

முதல் வாரம் உன்னை வெறுத்தேன். நன்றாகவே வெறுத்தேன். உன் கழுத்தை நெரிப்பது போலவெல்லாம் நினைத்துப் பார்த்தேன். மறைக்கவில்லை.

இங்கே சாப்பிட்டதும் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். விதி. மூன்று வேளையும் நீளப் பலகை முழுக்க இருநூறு தகரக் குவளை கவிழ்ந்து கிடக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்து இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறேன். போன வாரம் முழுப் பலகையையும் நின்று பார்த்தேன். விழவில்லை. இருநூறு குவளை, ஒன்றுக்கும் அடி இல்லை. வெறும் குவளை.

சின்ன வயதில் தெரியாமல் என் டம்ளரைக் கவிழ்த்தாய். இந்தத் தடவை தெரிந்து கவிழ்த்தாய். இரண்டாவதுதான் நியாயமான அடி. எண்ணிக்கொண்டேன்.

அவள் அம்மா சம்மதித்தால், அணிலை ஒரு தடவை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்த மேசையில் அவளுக்குக் கடைசியாக மிஞ்சியது ரத்தமாக இருக்க வேண்டாம். கொட்டினால் கொட்டட்டும்.

அண்ணன்

•

ஜூன் 8

அண்ணா,

அண்ணி ஏழு வாரம் என்னோடு பேசவில்லை. போன வாரம் அவளே கூப்பிட்டாள். “நானும் வருவேன். ஜன்னல் பக்கம் உக்காரமாட்டேன்,” என்றாள்.

நேற்று மத்தியானம் போனோம். சுவரோர மேசை. அணில் எனக்கு எதிரே, அண்ணி அவள் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி. நீளக்கை சூப்பு கொண்டுவந்தார். அணில் அவர் கையைப் பார்த்து, “உங்க கைக்கு எவ்ளோ பெரிய சட்டை வேணும்!” என்றாள். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ சொன்னபடி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பெருமை அவரிடமே இருக்கிறது.

அணில் ரொட்டியைச் சூப்பில் முக்கினாள். கிண்ணம் சாய்ந்துவிட்டது. துணியெல்லாம் சூப்பு, என் மடியிலும் வந்து கொட்டியது. கொதிக்கிற சூப்பு. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் கொட்டியதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் டம்ளரைத் தானே எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அண்ணி எழுந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தூரத்திலிருந்து நீளக்கையும் பார்த்துவிட்டார். ஜக்கை எடுத்துக்கொண்டு பழைய வேகத்தில் வந்தார், நிமிர்த்தி வைக்க. அவர் கை நீண்டது. நான் அந்தக் கையைத் தடுத்து ஜக்கை வாங்கிக்கொண்டேன். நிமிர்த்தினால் அவள் திரும்பக் கவிழ்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

கவிழ்த்த டம்ளரின் அடியில் ஒரு குழி இருக்கிறது, அண்ணா. இத்தனை வருஷம் அந்த டம்ளர்களைப் பார்த்தும் நான் அதைக் கவனித்ததில்லை. அதில் தண்ணீரை ஊற்றினேன். ஒரு வாய்தான் நின்றது, மிச்சமெல்லாம் வழிந்து சூப்போடு கலந்து மேசையெங்கும் ஓடியது. நான் நிறுத்தவில்லை. ஜக்கு காலியாகும்வரை ஊற்றினேன். விளிம்பிலிருந்து தரையில் சொட்டியது. பக்கத்து மேசைக்காரர் காலைத் தூக்கிக்கொண்டு முறைத்தார்.

அணில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். ஜக்கு எங்கே போகிறது என்று பார்த்தாள். நான் அதை மேசைமேல் வைத்தேன். இரண்டு கையையும் விரித்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

அவள் ஒரு காலைக் கீழே இறக்கினாள். பிறகு மற்றதை. குனிந்து, டம்ளரின் அடியில் நின்ற தண்ணீரை உறிஞ்சிக் குடித்தாள்.

“இன்னும்,” என்றாள்.

சுண்டெலி